புதுப் படகு விலை: ஏறுவது எங்கே, குறைக்கவே கூடாதது எங்கே

18 அடி ஃபைபர் படகுக்குக் கொட்டேஷன் வாங்கிப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் சொல்வது, “படகு கட்டுறவங்க அநியாயத்துக்கு ஏத்திட்டாங்க” என்பதுதான். அந்தக் கோபம் தப்பான ஆள் மேல் போகிறது. கொட்டேஷனைப் பிரித்துப் பாருங்கள். வரி, டாலர், எஞ்சின் மூன்றுமே கட்டுகிறவர் கையில் இல்லாதவை. அவர் கையில் இருப்பது ரெசினும் (ஃபைபரை ஒட்டி இறுக்கும் பிசின்) பிளைவுட்டும் கூலியும் மட்டும்தான். “இன்னும் ஒரு லட்சம் குறைங்க” என்று அவரை நெருக்கினால், அவரால் குறைக்க முடிகிற இடத்தில்தான் குறைப்பார். அது உங்கள் உயிரைத் தாங்குகிற இடம்.

முதலில் வரி. 2025 செப்டம்பர் 22 முதல் உல்லாசத்துக்கும் விளையாட்டுக்குமான படகுகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். அதற்கு முன்பு 28 சதவீதமும், அதன் மேல் 3 சதவீத செஸ்ஸும் இருந்தது. துடுப்புப் படகும் கேனோவும் மட்டும் 28லிருந்து 18க்கு இறங்கின. மீன்பிடிப் படகுக்கு 5 சதவீதம். அது அப்படியே இருக்க வேண்டியதுதான்.

இறக்குமதிப் படகு என்றால் இதற்கு முன்னால் சுங்கமும் உண்டு. 2025 பட்ஜெட்டில் அடிப்படைச் சுங்கம் 25லிருந்து 20 ஆனது என்று பலர் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் கூடவே 7.5 சதவீத வேளாண் கட்டமைப்பு வரி சேர்ந்தது, 2.5 சதவீத சமூக நல சர்சார்ஜ் போனது. ஆக மொத்தம் முன்பும் 27.5, இப்போதும் 27.5. படகு விலை, கப்பல் கூலி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்து 100 ரூபாய் என்றால், சுங்கம் கட்டியதும் 127.50. அதன் மேல் 40 சதவீதம் போட்டால் 178.50. வரிக்கும் வரி விழுகிறது. கப்பல் கூலிக்கும் விழுகிறது.

இதோடு டாலரைச் சேர்த்துப் பாருங்கள். சென்னைத் துறைமுகத்துக்கு வந்து சேர 20,000 டாலர் ஆகும் சின்னப் படகு ஒன்று. 2020 தொடக்கத்தில் டாலர் 71 ரூபாய் அளவில் இருந்தது. அன்றைய வரிப்படி அந்தப் படகுக்கு ஏறக்குறைய 23 லட்சத்து 70 ஆயிரம். 2025 டிசம்பரில் டாலர் 90ஐத் தொட்டுவிட்டது. இன்றைய வரிப்படி அதே படகு 32 லட்சத்து 13 ஆயிரம். தயாரித்தவர் ஒரு டாலர்கூட ஏற்றவில்லை என்று வைத்துத்தான் இந்தக் கணக்கு. உண்மையில் அவரும் ஏற்றியிருக்கிறார். 2020, 2021ல் கொரோனா சமயத்தில் மேலை நாடுகளில் படகுக்கு அடிபிடி. 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் உறைபனியில் பெட்ரோகெமிக்கல் ஆலைகள் நின்று ரெசின் கிடைக்காமல் போனது. 2020 மே மாதம் எவின்ரூட் கம்பெனியின் அவுட்போர்டு (படகின் பின்னால் வெளியே மாட்டும் எஞ்சின்) உற்பத்தியே நிறுத்தப்பட்டது. யமஹா, மெர்க்குரி, சுசுகி, ஹோண்டா, டோஹாட்சு என்று விரல்விட்டு எண்ணும் கம்பெனிகள்தான் மிச்சம். அவர்களுக்கும் லாபம் பெரிய எஞ்சினில்தான் என்பதால் கவனமெல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது.

இறக்குமதி செய்வதாக இருந்தால் ஒரு அளவை மனதில் வையுங்கள். கன்டெய்னரின் உள் அகலம் 2.35 மீட்டர். 20 அடி கன்டெய்னரின் உள் நீளம் 5.9 மீட்டர். படகின் அகலம் 2.3 மீட்டரைத் தாண்டினால் நேராக உள்ளே நுழையாது. சாய்த்து வைக்கத் தொட்டில் அடிக்க வேண்டும், இல்லையென்றால் ஃப்ளாட் ரேக்கில், அதாவது பக்கச் சுவர் இல்லாத திறந்த கன்டெய்னரில், ஏற்ற வேண்டும். கூலி எகிறும், அந்தக் கூலிக்கும் மேலே சொன்ன வரி விழும். ஒரு சாண் அகலம் கூடுதலாக ஆசைப்பட்டதற்குக் கொடுக்கிற விலை அது.

இந்த 40 சதவீதத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. காரணத்தையும் சொல்கிறேன். அதே ஜிஎஸ்டி கவுன்சில் பைக்குக்கு 350 சிசி என்று கோடு போட்டது. அதற்குள் இருந்தால் 18, மேலே போனால் 40. காருக்கு 4 மீட்டர் நீளம், பெட்ரோலுக்கு 1200 சிசி, டீசலுக்கு 1500 சிசி என்று கோடு போட்டது. படகுக்கு மட்டும் அப்படி ஒரு கோடே இல்லை. பல கோடி ரூபாய் யாட்டுக்கும், குழந்தைகள் பாய்மரம் பழகும் ஆப்டிமிஸ்ட்டுக்கும் ஒரே வரி. ஆப்டிமிஸ்ட் என்பது 2.3 மீட்டர் நீளம், 35 கிலோ எடை, எஞ்சினே கிடையாது. டோக்கியோவிலும் பாரிஸிலும் ஒலிம்பிக்கில் பாய்மரம் செலுத்திய நேத்ரா குமணன் நம்ம சென்னைப் பெண். ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911லிருந்து இங்கே இருக்கிறது. இவ்வளவு இருந்தும் ஒரு நடுத்தரக் குடும்பம் பிள்ளைக்கு ஒரு சொந்தப் பாய்மரப் படகு வாங்க முடியாத நிலை என்றால், அது வரி போட்ட விதத்தில் உள்ள கோளாறு. 6 மீட்டருக்குள், 40 ஹெச்பிக்குள் இருக்கும் படகுகளையும், எஞ்சின் இல்லாத பாய்மரப் படகுகளையும் 18க்குள் கொண்டுவர வேண்டும். அரசுக்கு இதில் போகப்போகிற வருமானம் பெரிதாக இருக்காது.

அதுவரைக்கும் சட்டத்துக்குள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அவுட்போர்டு எஞ்சினைத் தனியாக வாங்கினால் அதற்கு 18 சதவீதம். எஞ்சின் மாட்டிய முழுப் படகாக ஒரே பில்லில் வாங்கினால் எஞ்சினுக்கும் சேர்த்து 40 விழும். எஞ்சின் விலை வரிக்கு முன் 6 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனியாக வாங்கினால் 7 லட்சத்து 8 ஆயிரம், படகோடு சேர்த்து வாங்கினால் 8 லட்சத்து 40 ஆயிரம். எஞ்சினை உங்கள் பெயரில் டீலரிடம் வாங்கிக் கொடுத்து, மாட்டித் தரும் கூலியை மட்டும் தனியாகப் பில் போடச் சொல்லுங்கள். ஒரு ஆடிட்டரிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள். இதில் இன்னொரு நன்மை, வாரன்ட்டி நேராக உங்கள் பெயரில் வரும்.

மீன்பிடி ஃபைபர் போட்டை 5 சதவீதத்தில் வாங்கி உல்லாசத்துக்கு ஓட்டலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். வேண்டாம். அந்தப் படகின் பதிவும் சலுகையும் மீனவர்களுக்காக வந்தவை. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும். அந்த ஹல்லும் (படகின் உடல்) அலை தாண்டிக் கரையேறுவதற்கென்று ஒடுக்கமாகக் கட்டியது, நான்கு பேர் ஒரு பக்கமாக நின்று கடலைப் பார்ப்பதற்கு இல்லை.

இனி ஹல். பேரம் பேசுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

அடிப்பாகத்துக்குச் சதுர மீட்டருக்கு 450 கிராம் மேட் (ஃபைபர் இழைப் பாய்) மூன்று அடுக்கு, 600 கிராம் வோவன் ரோவிங் (நெய்த ஃபைபர் துணி) இரண்டு அடுக்கு என்று வைத்தால் ஒரு சதுர மீட்டருக்கு இரண்டரைக் கிலோ ஃபைபர், நாலேகால் கிலோ ரெசின் போகும். 18 அடிப் படகில் ஹல்லும் டெக்கும் சேர்த்து 25 சதுர மீட்டர் என்றால், 64 கிலோ ஃபைபர், 106 கிலோ ரெசின். கழிவு தனி. இதில் ஒரு மேட்டையும் ஒரு ரோவிங்கையும் குறைத்தால் 26 கிலோ ஃபைபரும் 40 கிலோ ரெசினும் மிச்சம். படகின் மொத்த விலையில் இது சின்னத் தொகை. ஆனால் அடிப்பாகம் அலையில் அடிபடும்போது வளைந்து கொடுத்து, ஸ்டிரிங்கர் (உள்ளே நீளவாக்கில் தாங்கும் சட்டம்) ஒட்டிய இடத்தில் விரிசல் விடும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு படகும் ஒரே பளபளப்பு.

கண்டுபிடிக்க ஒரு வழி: டிரெய்ன் பிளக்குக்கு (தண்ணீரை வடிக்கும் அடைப்பான்) துளை போடும்போது விழுகிற வட்டத் துண்டை வாங்கிக்கொள்ளுங்கள். மேலே சொன்ன அடுக்கு என்றால் ஜெல்கோட்டோடு (வெளிப்புறப் பளபளப்புப் பூச்சு) சேர்த்து 5 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். துண்டின் விளிம்பில் அடுக்குகள் கண்ணுக்குத் தெரியும், வெள்ளை வெள்ளையாகக் காற்றுக்குமிழி இருந்தால் ரோலர் சரியாகப் போடவில்லை.

சென்னை வெயிலில் இன்னொரு தப்பு நடக்கும். ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட் 1 முதல் 2 சதவீதம் இருக்க வேண்டும். மே மாதத்தில் வாளியிலேயே ரெசின் இறுகிப் போகிறது என்று அதை அரை சதவீதத்துக்குக் குறைத்துவிடுவார்கள். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே முழுசாக இறுகவே இறுகாது. சிறிய அளவில் கலக்கி, காலை வெயிலுக்கு முன் வேலையை முடிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் பக்கவாட்டு மறைப்பு இல்லாத ஷெட்டில் மேட் ஈரம் இழுத்துக்கொள்ளும். இரண்டு மூன்று வருடத்தில் தண்ணீருக்கு அடியில் கொப்புளம் வர அதுவும் ஒரு காரணம். மழைக்காலத்தில் லேமினேஷன் (ரெசினோடு ஃபைபரை அடுக்கடுக்காகப் போடும் வேலை) போடுவதாக இருந்தால் இரண்டு மாதம் காத்திருப்பது நல்லது.

எல்லாவற்றையும்விட முக்கியம் டிரான்ஸம், எஞ்சின் தொங்குகிற பின் சுவர். 60 ஹெச்பி ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் 110 கிலோவுக்குப் பக்கமாக இருக்கும். அந்த எடையையும் தள்ளுவிசையையும் நாலு போல்ட் தாங்குகின்றன. உள்ளே 18 மில்லி மரைன் பிளைவுட் இரண்டு ஒட்டியிருக்க வேண்டும், அதில் மரைன் பிளைவுட்டுக்கான ஐஎஸ் 710 தர முத்திரை இருக்க வேண்டும். மூடுவதற்கு முன் போய்ப் பார்த்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கெட்டுப்போவது போல்ட் துளையிலிருந்துதான். துளை போட்டு, ஹார்டுவேர் கடை சிலிக்கானைத் தடவி முறுக்கிவிடுவார்கள். அந்தச் சிலிக்கான் தண்ணீருக்கு அடியில் பிடித்து நிற்காது. பிளைவுட்டின் வெட்டு வாய் ஈரத்தை உறிஞ்சும். சில மழைக்காலம் தாண்டினால் உள்ளே மரம் கூழாகிவிடும், வெளியே ஃபைபர் புதிதாகவே தெரியும். சரியான முறை: துளையைப் பெரிதாகப் போட்டு, எபாக்ஸியால் நிரப்பி, இறுகிய பிறகு அதன் நடுவில் போல்ட் அளவுக்கு மறுபடி துளைத்து, பாலியூரிதேன் சீலன்ட் வைத்து முறுக்க வேண்டும். ஒரு நாள் கூடுதல் வேலை, அவ்வளவுதான். பழைய படகு பார்க்கப் போனால் சின்னச் சுத்தியலால் டிரான்ஸத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டுங்கள். கணீரென்ற சத்தம் திடீரென்று மந்தமாகிற இடத்தில் மரம் போய்விட்டது.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சாமானில் மாலிப்டினம் கலந்த 316 ரகம் கேளுங்கள், சாதாரண 304 வேண்டாம். காந்தம் வைத்து 304க்கும் 316க்கும் வித்தியாசம் காண முடியாது. மாலிப்டினம் கண்டுபிடிக்கும் சொட்டு திரவம் கிடைக்கிறது, அதுதான் வழி. வயர் வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியாக இருக்கட்டும். சாதாரண வீட்டு வயர் உப்புக்காற்றில் பச்சை பூத்து, பில்ஜ் பம்ப் (படகின் அடியில் தேங்கும் தண்ணீரை வெளியேற்றுவது) வேண்டிய நேரத்தில் ஓடாது.

கொட்டேஷனில் எது இல்லை என்று பாருங்கள். ஸ்டியரிங் கேபிள், கன்ட்ரோல் பாக்ஸ், புரொப்பெல்லர், டேங்க், பேட்டரி, பில்ஜ் பம்ப், நங்கூரமும் கயிறும், லைஃப் ஜாக்கெட், தீயணைப்பான், கூரைத் துணி, டிரெய்லர். இவற்றில் பாதி “எக்ஸ்ட்ரா” என்று பின்னால் வரும். ஒப்பிடும்போது தண்ணீரில் இறக்கி ஓட்டுகிற வரைக்கும் ஆகும் மொத்தத்தை ஒப்பிடுங்கள்.

பெட்ரோல் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். இப்போது பங்க்கில் வருவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பெரும்பாலான அவுட்போர்டு கையேடுகளில் எத்தனால் உச்சவரம்பு 10 சதவீதம் என்றுதான் இருக்கிறது. எத்தனால் கடற்கரை ஈரத்தை இழுத்து, ஒரு கட்டத்தில் தண்ணீரோடு பிரிந்து டேங்க் அடியில் போய் நிற்கும். எஞ்சின் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். ஃபைபரிலேயே கட்டிய பெட்ரோல் டேங்க்கை ஒத்துக்கொள்ளாதீர்கள், எத்தனால் அந்த ரெசினைக் கரைக்கும். 10 மைக்ரான் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் கட்டாயம். இரண்டு மூன்று வாரம் படகு எடுக்கப் போவதில்லை என்றால் டேங்க்கைக் காலி செய்து பெட்ரோலைக் காரில் ஊற்றிவிடுங்கள். வாங்கும்போதே இ20 ஓட்டினால் வாரன்ட்டி உண்டா என்று டீலரிடம் எழுத்தில் கேளுங்கள்.

எவ்வளவு பெரிய படகு வேண்டும் என்பதை, எங்கே ஓட்டப்போகிறோம் என்பது முடிவு செய்யட்டும். முட்டுக்காடு, கோவளம் பக்கம் உப்பங்கழி ஆழம் குறைவு, முகத்துவாரத்தில் மணல் திட்டு மாறிக்கொண்டே இருக்கும். அங்கே 14 அடியும் 25 ஹெச்பியும் தாராளம். ஆழமில்லாத இடத்தில் மணலை உறிஞ்சி எஞ்சினைக் குளிர்விக்கும் வாட்டர் பம்ப்பின் இம்பெல்லர் (ரப்பர் சுழலி) சீக்கிரம் தேயும், வருடத்துக்கு ஒன்று மாற்றக் கணக்கு வையுங்கள். கடலுக்குப் போக வேண்டும் என்றால், கொச்சி போல்காட்டியில் இருக்கிற மாதிரி ஒரு பொது மரினா நமக்கு இல்லை. கிளப் உறுப்பினராக வேண்டும், அல்லது டிரெய்லரில் இழுத்துக்கொண்டு போக இடம் தேட வேண்டும். படகு வாங்கும் முன் நிறுத்தும் இடத்தை முடிவு செய்யாதவர்கள் வீட்டு வாசலில்தான் நிறுத்தி வைக்கிறார்கள்.

பணத்தை நாலு தவணையாகப் பிரியுங்கள்: அட்வான்ஸ், ஹல் மோல்டிலிருந்து எடுத்ததும், எஞ்சின் மாட்டியதும், கடைசி 20 சதவீதம் தண்ணீர்ச் சோதனைக்குப் பிறகு. சோதனை அன்று டேங்க் நிறைய பெட்ரோல், வழக்கமாக ஏறப்போகிற அத்தனை பேரும் ஏற வேண்டும். முழு த்ராட்டிலில் டேக்கோமீட்டர் பாருங்கள். கையேட்டில் 5000 முதல் 6000 ஆர்பிஎம் என்று இருந்து, உங்கள் படகு 4600லேயே நின்றால் புரொப்பெல்லர் பிட்ச் (ஒரு சுற்றில் முன்னே நகர வேண்டிய தூரம்) அதிகம். ஒரு அங்குலம் குறைத்தால் 150 முதல் 200 ஆர்பிஎம் ஏறும், அதனால் இரண்டு மூன்று அங்குலம் குறைந்த பிட்ச்சை மாட்டி மறுபடி ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியே விட்டால் எஞ்சின் எப்போதும் திணறிக்கொண்டே ஓடி, பெட்ரோலையும் தின்று பிஸ்டனையும் கெடுக்கும். திரும்பி வந்ததும் பில்ஜில் கையை விட்டுப் பாருங்கள். அங்கே தண்ணீர் இருந்தால், எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அடைக்கும் வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.