அந்த 54 வேறு கணக்கு

‘அமெரிக்காவில் எல்லோருடைய தொலைபேசிப் பதிவுகளையும் (யார் யாரோடு எப்போது, எவ்வளவு நேரம் பேசினார் என்ற விவரங்களை) உளவு அமைப்பான என்எஸ்ஏ (தேசியப் பாதுகாப்பு முகமை) திரட்டியதால்தான் 54 பயங்கரவாதச் சதிகள் முறியடிக்கப்பட்டன’ என்று எழுதியிருக்கிறீர்கள். தவறு. 2013-இல் சொல்லப்பட்ட அந்த எண்ணில் பெரும்பங்கு, வெளிநாட்டவரைக் குறிவைத்த இன்னொரு திட்டத்துக்குரியது. அதே ஆண்டு செனட் விசாரணையில் கிடுக்கிப்பிடி போட்டபோது, தொலைபேசித் திட்டம் கைகொடுத்தது ஒன்றிலோ இரண்டிலோதான் என்று அப்போதைய என்எஸ்ஏ தலைவர் கீத் அலெக்சாண்டரே இறங்கி வந்தார்.

அந்த ஒன்று என்ன? சான் டியேகோவிலிருந்து சோமாலியாவின் அல்-ஷபாப் பயங்கரவாத அமைப்புக்குச் சுமார் 8,500 டாலர் அனுப்பிய வழக்கு. குற்றம்தான், ஆனால் அமெரிக்காவைத் தாக்கும் சதி அல்ல. அமெரிக்க அரசின் தனியுரிமை மேற்பார்வை வாரியமும் 2014 ஜனவரி அறிக்கையில், நாட்டுக்கு எதிரான அச்சுறுத்தல் எதிலும் விசாரணையின் முடிவை இத்திட்டம் மாற்றியதாக ஓர் உதாரணம்கூடக் கிடைக்கவில்லை என்றது.

அப்புறம், ‘பேச்சைக் கேட்கவில்லையே, எண்களைத்தானே எடுத்தார்கள்’ என்கிறீர்கள். நள்ளிரவில் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணோடு ஒருவர் அரை மணி நேரம் பேசினார் என்று தெரிந்தால் போதாதா, என்ன பேசினார் என்று வேறு கேட்கவேண்டுமா?

கண்காணிப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. குறிப்பிட்ட எண்மீது சந்தேகம் இருந்தால் நீதிமன்ற ஆணையோடு அதன் பதிவைத் தொலைபேசி நிறுவனத்திடம் வாங்கலாம். 2015 சட்டத் திருத்தம் அப்படித்தான் மாற்றியது.