ராசியில்லாத கை என்று ஒன்று கிடையாது

எங்கள் குடியிருப்பில் இரண்டாம் மாடியில் ஓர் அக்கா இருக்கிறார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. போன மாதம் மொட்டை மாடிக்குத் துணி உலர்த்த வந்தவர் என் கீரைத் தொட்டியைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "எனக்கு இதெல்லாம் வராதம்மா, என் கைக்கு ராசி கிடையாது" என்றார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் செடி வளர்க்கும் அவருடைய ஆறு பைகள் மண்ணோடு மடங்கிக் கிடந்தன. ஏப்ரலில் ஒரு நாள் மாடித்தோட்டப் பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டிப் போய் வாங்கி வந்தவை. தக்காளி, குடைமிளகாய், கத்தரி எல்லாம் வைத்தார். ஒன்றும் தேறவில்லை.

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. சொல்லித்தந்தவர்கள் செய்த தவறுக்கு, கற்றுக்கொள்ளப் போனவர் தன் கையை நொந்துகொள்கிறார். கொளத்தூரிலிருந்து மடிப்பாக்கம் வரை எத்தனையோ மொட்டை மாடிகளில் இப்படிக் காய்ந்த பைகளைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் காலம். பள்ளி விடுமுறையில்தான் கூட்டம் சேரும் என்பதால் ஏப்ரல், மே மாதங்களில் வகுப்பு வைக்கிறார்கள். அக்னி நட்சத்திரத்தில் சென்னை மாடித் தளம் தோசைக்கல்லாகக் கொதிக்கிறது. அந்த வெப்பத்தில் தக்காளி பூக்கும், ஆனால் பூவெல்லாம் உதிர்ந்துவிடும். சூட்டில் மகரந்தம் கெட்டுப்போவதால் காய் பிடிப்பதில்லை. குடைமிளகாய் குளிர்ச்சியை விரும்பும் பயிர். அதை முதல் செடியாக ஒருவர் கையில் கொடுப்பதே நியாயமில்லை. "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று சொன்னவர்களுக்கு இந்த ஊர் வெயிலும் தெரியும், மழையும் தெரியும். ஆடியில் வெண்டை, கத்தரி, அவரை போட்டால் ஐப்பசி மழைக்கு முன்பே வேர் பிடித்து நின்றுவிடும். தக்காளியை மழை ஓய்ந்த பிறகு, மார்கழி, தையில் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது தண்ணீர். புதியவர்களின் செடிகள் வாடிச் செத்ததைவிட, அழுகிச் செத்ததையே நான் அதிகம் கண்டிருக்கிறேன். பையில் பெரும்பங்கு தேங்காய் நார்க்கழிவு. அதன் மேற்பரப்பு சீக்கிரமே வெளுத்துக் காய்ந்துவிடும், அடியில் சொதசொதவென்று ஈரம் தேங்கி நிற்கும். மேலே பார்த்துவிட்டுக் காலையும் மாலையும் ஊற்றுகிறார்கள். வேருக்குக் காற்றே கிடைப்பதில்லை. இலை மஞ்சளாகித் தொங்குகிறது, தாகம் போல என்று இன்னொரு குவளை ஊற்றுகிறார்கள். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். விரல் ஈரமாக வந்தால் அன்று ஊற்ற வேண்டாம். இதை வகுப்பில் வாயால் சொல்லிப் பயனில்லை. ஒவ்வொருவர் விரலையும் மண்ணுக்குள் விடவைத்துப் பழக்க வேண்டும்.

என்னைக் கேட்டால் முதல் பயிர் கீரைதான். அதற்குப் பைகூட வேண்டாம், அடியில் நான்கு துளை போட்ட பழைய பிளாஸ்டிக் அன்னக்கூடை போதும். செம்மண், மண்புழு உரம், நன்றாக அலசிய நார்க்கழிவு, மூன்றும் சம அளவு. கீரை விதை கடுகைவிடச் சிறியது. அப்படியே தூவினால் ஒரே இடத்தில் குவிந்துவிடும். காய்ந்த மணலோடு கலந்து, கோலமாவு போல விரல்களுக்கிடையே விட்டுத் தூவ வேண்டும். எறும்பு விதையைத் தூக்கிக்கொண்டு போகும். அதற்குத் தொட்டியிலிருந்து தள்ளி ஒரு பிடி அரிசி மாவு போட்டுவிடுங்கள், விதையை விட்டுவிட்டு அந்தப் பக்கம் போய்விடும். மூன்று நான்கு நாளில் முளை தெரியும், ஏறக்குறைய இருபத்தைந்து நாளில் குழம்புக்கு ஆகிவிடும். சிறுகீரையை வேரோடு பிடுங்கலாம். அரைக்கீரையை அடியில் கொஞ்சம் விட்டு நறுக்கினால் மறுபடி துளிர்க்கும். ஒரு மாதத்துக்குள் தட்டில் விழுந்த கீரை கொடுக்கும் தைரியத்தை எந்தக் கையேடும் கொடுக்காது.

தோட்டக்கலைத் துறை மானிய விலையில் பை, விதை, நார்க்கழிவுக் கட்டி, உயிர் உரம் எல்லாம் சேர்த்துக் கொடுத்திருக்கிறது. நல்ல காரியம். ஆனால் பொருள் கைக்கு வந்த நாற்பதாம் நாளில் யார் உடன் இருக்கிறார்கள்? அன்றுதான் வெண்டையின் குருத்தில் மாவுப்பூச்சி வெள்ளையாக அப்பியிருக்கும். சுரைக்கொடியில் முதலில் வருவதெல்லாம் ஆண் பூ என்று தெரியாமல், "பூ உதிர்கிறது, காய்க்காது" என்று கொடியையே பிடுங்கி எறிந்தவர்களை எனக்குத் தெரியும். பொறுத்தால், பூவுக்கு அடியில் சுண்டுவிரல் நகமளவு பிஞ்சோடு பெண் பூ வரும். சுரைப்பூ அந்தியில் விரியும், பூசணிப்பூ விடியலில். உயர்ந்த மாடிக்குத் தேனீ வராவிட்டால், ஆண் பூவைக் கிள்ளி இதழை நீக்கிவிட்டுப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவ வேண்டும். அந்த நேரத்தில் பக்கத்தில் ஒருவர் நின்று காட்டிக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

2020 மே மாதம் கோயம்பேடு சந்தையை மூடி, காய்கறி வியாபாரம் திருமழிசைக்குப் போனபோது எங்கள் தெருவில் பலர் ஆர்வமாகத் தோட்டம் தொடங்கினார்கள். இன்று வரை விடாமல் செய்பவர்கள், கேட்டால் பதில் சொல்ல அருகில் ஒருவர் இருந்த வீட்டுக்காரர்கள்தான். பணம் மிச்சமாகும் என்று யாருக்கும் நான் சொல்வதில்லை, மிச்சமாகாது. மருந்து தெளிக்காத மிளகாயைப் பறித்த கையோடு அடுப்பங்கரைக்குக் கொண்டுபோவதற்கு விலை போட முடியாது என்று மட்டும் சொல்வேன்.

அக்காவுக்கு அன்றே ஓர் அன்னக்கூடையில் அரைக்கீரை தூவிக் கொடுத்தேன். தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழும் பக்கம் வைத்தோம். தினமும் காலையில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "இன்றைக்கு ஈரமிருக்கிறது" என்று கீழேயிருந்து எனக்குக் குரல் கொடுப்பார். நேற்று முதல் அறுவடை. கடைந்து, பூண்டு தாளித்து, எனக்கும் ஒரு கிண்ணம் அனுப்பினார்.

ஆடி பிறக்க மூன்று வாரம் இருக்கிறது. கொளத்தூர்ப் பக்கம் இருப்பவர்கள் ஞாயிறு காலை ஆறரைக்கு எங்கள் மாடிக்கு வரலாம். கட்டணம் எதுவும் இல்லை. உடைந்த வாளியோ பழைய அன்னக்கூடையோ கொண்டுவாருங்கள். விதையும் மண்ணும் நான் தருகிறேன். நாற்பதாம் நாளும் நான் இங்கேதான் இருப்பேன்.