கையெழுத்துக் கேட்டால் துரோகியா?

இரண்டு நாளாக என் டைம்லைனில் அந்தக் கார்ட்டூன்தான். எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும், உங்களில் பாதிப் பேர் அதற்குக் கீழே சிரிக்கிற முகம் போட்டிருந்தீர்கள். பெல்ஜியப் பிரதமர் பார்ட் டி வெவர் பண மூட்டை மேல் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் உக்ரைன் கையேந்தி நிற்கிறது. ஐரோப்பாவில் முடக்கி வைத்த ரஷ்யப் பணத்தை உக்ரைனுக்குக் கொடுக்க விடாமல் பெல்ஜியம் தடுத்துவிட்டது என்பதுதான் கிண்டல். போட்டவர் ஜெர்மனியில் இருக்கிற நம் நண்பர். சரி, கார்ட்டூன் என்றால் அப்படித்தான் இருக்கும், விட்டுவிடலாம். ஆனால் "பெல்ஜியம் கேட்டதில் என்ன தப்பு?" என்று பிரஸ்ஸல்ஸில் இருக்கிற நான் ஒரே ஒரு வரி கேட்டதற்கு, "பாஸ்போர்ட் கொடுத்தவனுக்கு விசுவாசம் காட்டுறீங்களா?" என்று பதில் வந்தது பாருங்கள், அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். அவசரக்காரர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. பெல்ஜியம் தடுக்கவில்லை. பெல்ஜியம் ஒரு ஜாமீன் கையெழுத்துக் கேட்டது, மற்றவர்கள் போடவில்லை.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உள்ளே புகுந்ததும் சில நாட்களிலேயே ரஷ்ய மத்திய வங்கியின் வெளிநாட்டுச் சொத்துகளை முடக்கினார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் முடங்கிக் கிடப்பது ஏறத்தாழ 21,000 கோடி யூரோ. அதில் ஆகப் பெரும்பகுதி, சுமார் 18,500 கோடி, பிரஸ்ஸல்ஸில் யூரோகிளியர் என்ற நிறுவனத்தின் கணக்கில் இருக்கிறது. வடக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில்தான் அதன் அலுவலகம், என் அலுவலகத்துக்குப் போகிற வழி. கண்ணாடிக் கட்டிடம், வாசலில் சிகரெட் பிடித்துக்கொண்டு நாலு பேர், அவ்வளவுதான். உள்ளே பெட்டகமும் இல்லை, நோட்டுக்கட்டும் இல்லை. உலகம் முழுக்க வாங்கி விற்கிற பத்திரங்களின் கணக்கைப் பராமரிக்கிற இடம் அது. ரஷ்யாவின் பத்திரங்களில் பெரும்பாலானவை ஒவ்வொன்றாக முதிர்ந்து ரொக்கமாகிவிட்டன, தடை இருப்பதால் திருப்பிக் கொடுக்க முடியாது, அதனால் அங்கேயே நிற்கிறது. மெத்தைக்கு அடியில் ஒளித்து வைத்திருப்பதாக எழுதுகிறவர்கள் தயவுசெய்து இதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பணத்தை எடுத்து உக்ரைனுக்குக் கடனாகக் கொடுப்போம், ரஷ்யா போர் இழப்பீடு கொடுக்கிற அன்று உக்ரைன் திருப்பித் தரட்டும் என்பதுதான் திட்டம். 2025 செப்டம்பரில் ஜெர்மனியின் சான்சலர் மெர்ஸ் 14,000 கோடி யூரோ கொடுக்கலாம் என்று கட்டுரை எழுதினார். அக்டோபர் உச்சிமாநாட்டில் பேசினார்கள், தள்ளிப்போட்டார்கள். டிசம்பர் 3 அன்று ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் சட்ட வரைவே கொண்டுவந்தது. நல்ல திட்டம்தான், நான் ஆதரிக்கிறேன். திரும்பச் சொல்கிறேன், ஆதரிக்கிறேன். என்னை ரஷ்ய ஆள் என்று எழுதிய தம்பி இந்த வரியை மட்டுமாவது படிக்கட்டும்.

ஆனால் நாளைக்கு ஏதோ ஒரு நீதிமன்றமோ நடுவர் மன்றமோ "அந்தப் பணத்தைத் தொட்டது தப்பு, திருப்பிக் கொடு" என்று சொன்னால் யார் கொடுப்பது? பெல்ஜியத்துக்கும் ரஷ்யாவுக்கும் 1989-லிருந்து முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருக்கிறது, சோவியத் காலத்தில் போட்டது. வழக்கு வந்தால் அதை வைத்து பெல்ஜியத்தின் மேல்தான் வரும். மாஸ்கோவில் ரஷ்ய மத்திய வங்கி யூரோகிளியர் மேல் வழக்கே போட்டுவிட்டது. 18,500 கோடி என்பது இந்த நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. டி வெவர் கேட்டது: ஆபத்து வந்தால் எல்லோரும் சேர்ந்து சுமக்க வேண்டும், உச்சவரம்பு இல்லாமல். திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தால் அன்றைக்கே பணம் தயாராக இருக்க வேண்டும். அப்புறம், ரஷ்யப் பணம் வைத்திருக்கிற மற்ற நாடுகளும் அதைக் கொண்டுவர வேண்டும். பிரான்ஸின் வணிக வங்கிகளிலும் ரஷ்யப் பணம் இருக்கிறது. அதைப் பற்றி யாராவது கார்ட்டூன் போட்டீர்களா?

எங்கள் அப்பா ஈரோடு பக்கம் ஒரு பள்ளியில் வாத்தியார். கூடவே வேலை பார்த்த ஒருவருக்குக் கடன் வேண்டியிருந்தது. ஸ்டாஃப் ரூமில் அஞ்சு வாத்தியார்கள் உட்கார்ந்து, "சார், நீங்க ஜாமீன் போடுங்க, நாங்க எல்லாரும் இருக்கோம்" என்றார்கள். எல்லாரும் இருந்தார்கள். படிவத்தில் கையெழுத்து மட்டும் அப்பாவுடையது. கடன் வாங்கியவர் மாற்றலாகிப் போனார், தவணை நின்றது, அப்பாவின் சம்பளத்தில் பிடித்தம் ஆரம்பித்தது. சம்பளச் சீட்டில் "இதர பிடித்தம்" என்று ஒரு கட்டம் இருக்கும், அதுவரைக்கும் அதில் கோடு மட்டும்தான் போட்டிருப்பார்கள், அந்த மாதத்திலிருந்து எண் வந்தது. அம்மா அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அந்த அஞ்சு பேரும் எங்கங்க?" என்று கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை. அந்த அஞ்சு பேரும் தினமும் அதே ஸ்டாஃப் ரூமில்தான் அவரோடு சாப்பிட்டார்கள், யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. கெட்ட எண்ணம் இல்லாதவர்களால்தான் எங்கள் வீட்டில் அந்த வருஷம் தீபாவளிக்குத் துணி எடுக்கவில்லை.

அதனால் "நாங்க எல்லாரும் இருக்கோம்" என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே படிவம் எங்கே என்று கேட்கத் தோன்றும். டி வெவரும் அதைத்தான் கேட்டார். அவர் எனக்குப் பிடித்த அரசியல்வாதி இல்லை, பெல்ஜியத்தின் டச்சு பேசும் பகுதியான ஃபிளாண்டர்ஸ் பிரியணும் என்று பேசி வளர்ந்த கட்சிக்காரர், குடியேறிகள் விஷயத்தில் அவர் அரசு செய்வதெல்லாம் எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது. அதுக்காக அவர் கேட்ட கேள்வி தப்பாகிவிடுமா?

டிசம்பர் 18 இரவு நடந்தது உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு இந்த ஊரே ஒரு மாதிரி இருந்தது. தென் அமெரிக்க நாடுகளோடு போடவிருந்த மெர்கோசூர் வர்த்தக ஒப்பந்தத்தை எதிர்த்து விவசாயிகள் டிராக்டர்களோடு வந்துவிட்டார்கள், ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு முன்னால் டயர் எரிந்தது, உருளைக்கிழங்கு பறந்தது, பேருந்து எதுவும் தன் வழியில் போகவில்லை. வீட்டுக்கு நடந்தே வந்தேன், கோட்டில் டயர் புகை வாசனை. உச்சிமாநாட்டில் 27 நாட்டுத் தலைவர்கள் விடிகாலை வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள். முடிவில் ரஷ்யப் பணத்தைத் தொடவில்லை. ஒன்றியமே சந்தையில் 9,000 கோடி யூரோ கடன் வாங்கி 2026, 2027 இரண்டு ஆண்டுக்கும் உக்ரைனுக்குக் கொடுக்கிறதாம். ஹங்கேரி, ஸ்லோவாக்கியா, செக் மூன்றுக்கும் இதில் பங்கு இல்லை. செக்கின் புதுப் பிரதமர் பாபிஷ் பதவியேற்ற சூட்டோடு வந்து விலக்கு வாங்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலையில் எல்லோரும் மைக் முன்னால் நின்று வெற்றி என்றார்கள்.

கவனியுங்கள். பெல்ஜியம் கேட்ட உச்சவரம்பில்லாத உத்தரவாதத்துக்கு மற்றவர்கள் தயாராக இல்லை. அது வெற்றுக் காசோலை ஆகிவிடுமாம். அதே வெற்றுக் காசோலையை பெல்ஜியம் மட்டும் தனியாகக் கொடுக்க வேண்டுமாம், கொடுக்காவிட்டால் துரோகி!

"ஜெர்மனி தயாராகத்தானே இருந்தது" என்று நண்பர் எழுதுவார், இப்போதே தட்டச்சு செய்துகொண்டிருப்பார். சரி, ஒத்துக்கொள்கிறேன். உத்தரவாதத்தில் ஏறத்தாழ கால் பங்கை ஏற்க ஜெர்மனி முன்வந்தது, பெரிய தொகை, மெர்ஸ் உண்மையாகவே அரசியல் ஆபத்தை எடுத்தார். ஆனால் அதுவும் ஒரு வரம்புக்கு உள்ளேதான். வரம்புக்கு மேலே போனால் என்ன என்பதுதானே கேள்வியே. இத்தாலியும் பல்கேரியாவும் மால்டாவும் வேறு வழி பாருங்கள் என்று பெல்ஜியத்தோடு சேர்ந்து அறிக்கையே விட்டன. மெக்ரோன் பெரும்பாலும் வாயைத் திறக்கவில்லை. பிரான்ஸின் கடன் நிலவரம் இருக்கிற அழகுக்கு அவரால் எந்தக் கையெழுத்தும் போட முடியாது, அதை வெளியே சொல்லவும் முடியாது. அவருக்கு பெல்ஜியம் எவ்வளவு வசதி!

"யூரோகிளியர் சம்பாதிக்கிற வட்டியில் பெல்ஜியம் வரி வாங்குகிறதே?" வாங்குகிறது. உக்ரைனுக்கே போகிறது என்கிறார்கள். "நேட்டோவில் இருந்துகொண்டு பாதுகாப்புக்கு வருஷக்கணக்கில் கிள்ளிக் கொடுத்த நாடுதானே?" ஆமாம், அது வேறு விஷயம், அதற்குத் தனிப் பதிவு எழுதுகிறேன்.

சட்டப்படியே தப்பு, ஒரு நாட்டின் மத்திய வங்கிப் பணத்தைத் தொட்டால் நாளைக்குச் சீனாவும் வளைகுடா நாடுகளும் யூரோவில் பணம் வைக்க மாட்டார்கள் என்று ஒரு தரப்பு. ஐரோப்பிய மத்திய வங்கிக்கே அந்தக் கவலை இருந்தது, நான் அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்த வாதத்தை வைத்தவர்களிடம் எனக்குச் சண்டையே இல்லையே. தொடாதே என்றார்கள், தொடவில்லை, நேர்மையான நிலைப்பாடு. தொடலாம் தொடலாம் என்று மூன்று மாதம் கூட்டம் கூட்டமாகப் பேசிவிட்டு, கையெழுத்துப் போடுகிற நேரத்தில் கழிவறைப் பக்கம் போனவர்களிடம்தான் என் சண்டை.

இந்த ஊரில் எப்போதும் ஒளிந்துகொள்ள ஒரு முதுகு வேண்டும். பல வருஷமாக அது அப்போதைய ஹங்கேரியப் பிரதமர் ஓர்பானுடைய முதுகு. ரஷ்யா மேலான தடைகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒருமனதாகப் புதுப்பிக்க வேண்டும், ஓர்பான் மிரட்டுவார், மற்றவர்கள் தலையில் கைவைத்துக்கொள்வார்கள், பிறகு ஏதாவது கொடுத்துச் சரிக்கட்டுவார்கள். 2023 டிசம்பரில் உக்ரைனை ஒன்றியத்தில் சேர்க்கிற பேச்சைத் தொடங்கலாமா என்று முடிவெடுக்கும்போது அன்றைய ஜெர்மன் சான்சலர் ஷோல்ஸ் அவரைக் காபி குடிக்க வெளியே போகச் சொன்னார், அவர் போனார், உள்ளே இருந்த 26 பேரும் முடிவெடுத்தார்கள். ஒரு கண்டத்தின் எதிர்காலம் ஒரு கப் காபியில்! ஆனால் பாருங்கள், 2025 டிசம்பர் 12 அன்று ஒன்றிய ஒப்பந்தத்தின் 122-வது பிரிவைப் பயன்படுத்தி, ரஷ்ய மத்திய வங்கிப் பணத்தை முடக்கியதற்கு மட்டும் அந்த ஆறு மாதக் கெடுவையே தூக்கிவிட்டார்கள். ஹங்கேரியும் ஸ்லோவாக்கியாவும் எதிர்த்தும் பெரும்பான்மையில் முடிந்தது. முடியும் என்றால் முடிகிறது. அப்படியானால் இத்தனை வருஷம் ஓர்பான், ஓர்பான் என்று புலம்பியது எதற்கு? இந்தத் தடவை அந்த முதுகு கிடைக்கவில்லை, பெல்ஜியத்தின் முதுகைத் தேடிப் பிடித்தார்கள், அவ்வளவுதான்.

"அதான் பணம் கிடைத்துவிட்டதே, அப்புறம் என்ன?" என்று நல்ல மனசுள்ளவர்கள் கேட்கிறார்கள். கிடைத்தது நல்லது. என்னோடு வேலை பார்க்கிற, உக்ரைனின் கார்கிவ் நகரத்துப் பெண் ஒருத்தி இருக்கிறாள், அம்மா இன்னும் அங்கேதான். வெள்ளிக்கிழமை காலையில் அவளிடம் நான் வாழ்த்துச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அவளே "ரெண்டு வருஷம்" என்று விரலைக் காட்டிவிட்டு கம்ப்யூட்டரைத் திறந்தாள். உக்ரைனுக்கு அந்த இரண்டு வருஷத்துக்குத் தேவை சுமார் 13,500 கோடி என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள், இது மூன்றில் இரண்டு பங்கு. மீதிக்கு யார்?

அதுவும் யார் பணம்? நம் வரிப்பணம். 2010-ல் கிரீஸ் மூழ்கியபோது அவரவர் கடன் அவரவருக்கு என்று பாடம் நடத்தினார்கள், ஓய்வூதியத்தை வெட்டச் சொன்னார்கள். 2020-ல் கொரோனாவுக்கு 75,000 கோடி கூட்டுக் கடன், இந்த ஒரு தடவைதான் என்றார்கள். இப்போது மறுபடி. கூட்டுக் கடன் கூடவே கூடாது என்று அந்த வாரம் வரைக்கும் சொன்னவர்தான் மெர்ஸ். படையெடுத்தவன் பணம் பத்திரமாக இருக்கிறது, அதற்குப் பதிலாக போர்ச்சுகல் பால்காரரும் நானும் கடனாளி.

இங்கேதான் இந்தியாவிலிருந்து ஒரு குரல் வரும்: "நாங்க ரஷ்ய எண்ணெய் வாங்கினா மட்டும் குத்தமா?" இல்லை சாமி. ஐரோப்பாவின் பிரச்சினை உலகத்தின் பிரச்சினை, உலகத்தின் பிரச்சினை ஐரோப்பாவுடையது இல்லை என்கிற மனப்பான்மையை விடுங்கள் என்று ஜெய்சங்கர் 2022-ல் பிராட்டிஸ்லாவாவில் சொன்னார், சரியாகத்தான் சொன்னார். 2021-ல் ஜெர்மனியின் எரிவாயுவில் பாதிக்கு மேல் ரஷ்யாவுடையது, 2025-லும் கப்பலில் ரஷ்ய எரிவாயு இறங்கியது, முழுசாக நிறுத்த 2027 ஆகும் என்றார்கள். எண்ணெய்க்குத் தண்டனையாக ட்ரம்ப் வரியை 50 சதவீதமாக்கியதில் அடி வாங்கியது திருப்பூர், என் சித்தப்பா மகன் அங்கேதான் தையல் யூனிட் வைத்திருக்கிறான், எனக்கு நீங்கள் புரியவைக்க வேண்டியதில்லை. காஸாவுக்கு ஏன் இந்த அக்கறை இல்லை என்றும் கேட்பீர்கள், கேளுங்கள், அதற்கு என்னிடம் பதில் இல்லை, பிரஸ்ஸல்ஸிடமும் இல்லை.

எனக்கு உண்மையில் வலிப்பது வேறு. போரை நிறுத்த என்று நவம்பரில் அமெரிக்காவிடமிருந்து வந்த அந்த 28 அம்சத் திட்டம் ஞாபகம் இருக்கிறதா? அதில் இந்த முடக்கிய பணத்திலிருந்து 10,000 கோடி டாலரை அமெரிக்கா தலைமையில் முதலீடு செய்வதாம், லாபத்தில் பாதி அமெரிக்காவுக்காம். பணம் கிடப்பது இந்தத் தெருவில். குண்டு விழுவது இந்தக் கண்டத்தில். பங்கு போடுவது வாஷிங்டனில். ஆகஸ்டில் வெள்ளை மாளிகை மேசையைச் சுற்றி மெக்ரோன், மெர்ஸ், மெலோனி, ஸ்டார்மர், வான் டெர் லேயன் எல்லோரும் உட்கார்ந்திருந்த படத்தைப் பார்த்து நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன். ஆனால் நான் இங்கே வரி கட்டுகிறேன், என் பிள்ளைகள் இங்கே படிக்கிறார்கள். அதைச் சொன்னால் விசுவாசமாம். இருந்துவிட்டுப் போகட்டும். எங்கிருந்தோ வந்தவன் இந்த ஊர் விஷயத்தில் கருத்துச் சொல்லக் கூடாது என்று இங்கே இருக்கிற வலதுசாரிகள்தான் சொல்வார்கள், அதையே சக தமிழனும் சொல்வான் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

சரி, கமெண்டில் வாருங்கள். சட்ட வாதம் வேண்டாம், நிறையப் படித்துவிட்டேன். 18-ம் தேதி இரவு எந்தெந்த நாடு, உச்சவரம்பு இல்லாமல், எழுத்தில், பெல்ஜியத்துக்குக் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தது என்ற பட்டியல் யாரிடமாவது இருந்தால் அதை மட்டும் போடுங்கள். நண்பரே, முதலில் நீங்கள்.