ஓட்டோவில் ஓர் ஒத்திகை

(தலவாக்கலை பஸ் ஸ்டேண்டுக்குப் பக்கத்தில் ஓட்டோ தரிப்பிடம். பின்னேரம் நாலு மணி. மழை பெய்கிறது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பின் சீட்டில் கொழுந்து பறிக்கும் ராசம்மா. டிரைவர் செல்வம் இன்னும் இரண்டு பேர் ஏறாமல் வண்டியை எடுக்க மாட்டான்.)

செல்வம்: என்ன அக்கா, கையில் ஏதோ கடதாசி? ஆஸ்பத்திரித் துண்டா?

ராசம்மா: மனதைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று வகுப்பு வைத்தார்கள், தம்பி. நம்ம தோட்டத்துக்கு நான்தான் போனேன். கேட்டதையெல்லாம் நாளைக் காலை வேலை பிரிக்கிற பெரட்டில் எல்லாருக்கும் சொல்ல வேண்டுமாம். நாலு பேர் முன்னால் நின்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆள் சேரும் வரை நீ கேளேன், சொல்லிப் பார்க்கிறேன்.

செல்வம்: எனக்கு மனக்கஷ்டமெல்லாம் கிடையாதே.

ராசம்மா: போன மாதம் ஓட்டோக் கடனைக் கேட்டு லீசிங்காரன் வந்த அன்று, ஓட்டோவைத் தேயிலைக்குள் இறக்கிவிட்டுப் பிள்ளைமடுவத்தில் பிள்ளைகளோடு பிள்ளையாகப் படுத்திருந்தது யார்?

செல்வம்: அது பணக்கஷ்டம்.

ராசம்மா: சரி, கேள். முதலாவது, நடை. வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடக்க வேண்டும். உலக சுகாதார ஸ்தாபனமே சொல்லியிருக்கிறது.

செல்வம்: அதை நீங்கள் திங்கட்கிழமை பத்து மணித் தேத்தண்ணிக்கு முன்பே முடித்துவிடுவீர்களே! அதுவும் முதுகில் கொழுந்தோடு.

ராசம்மா: நானும் எழுந்து நின்று அதைத்தான் கேட்டேன். "மலையில் நடப்பது கணக்கில் சேருமா, மிஸ்?" என்று. உடம்புக்குச் சேருமாம். மனதுக்கு வேறு நடை வேண்டுமாம். "நிரையை முடி, நிரையை முடி" என்று பின்னால் யாரும் கத்தாத நடை.

செல்வம்: அந்த மாதிரி நடை நம்ம தோட்டத்தில் மாட்டுக்குத்தான் இருக்கிறது.

ராசம்மா: உனக்கும் இருக்கிறது, நீதான் நடப்பதில்லை. லயத்திலிருந்து பீலிக்குக் குளிக்கப் போகக்கூட ஓட்டோவை ஸ்டார்ட் பண்ணுகிறவன் நீ. சரி, இரண்டாவது. இயற்கையைப் பார்க்க வேண்டும். பச்சையைப் பார்த்தால் மனது இறங்குமாம்.

செல்வம்: (சிரிப்பு அடங்கச் சற்று நேரமாகிறது) உங்களுக்கா! அக்கா, சென் கிளேயர் நீர்வீழ்ச்சிக்குப் போன வாரம் இரண்டு வெள்ளைக்காரரைக் கூட்டிப் போனேன். "நீங்கள் எவ்வளவு அதிர்ஷ்டக்காரர்கள்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்கள். நானும் ஆமாம் ஆமாம் என்று நூறு ரூபாய் கூட்டி வாங்கினேன்.

ராசம்மா: நான் நிற்கிற மலையிலிருந்தும் தெரியும். ஆனால் கண் எங்கே இருக்கிறது? இரண்டு இலை ஒரு மொட்டு, இரண்டு இலை ஒரு மொட்டு. தலையைத் தூக்கினால் கிலோ குறையும். இந்த விரலைப் பார், கொழுந்துக் கறை. மூன்று சோப்பு மாற்றியும் போகவில்லை. நான் பார்த்த இயற்கை முழுக்க இந்த நகக்கண்ணில்தான் இருக்கிறது.

(செல்வம் விரலைப் பார்க்கிறான். பகிடிக்கு வாயைத் திறந்தவன், திரும்பக் கண்ணாடியைத் துடைக்கிறான்.)

செல்வம்: மூன்றாவது என்ன?

ராசம்மா: தூக்கம். வயது வந்தவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். படுக்கும்போது போனைத் தூர வைக்க வேண்டும். பின்னேரத்துக்குப் பிறகு தேத்தண்ணியைக் குறைக்க வேண்டும். தேயிலைச் சாயத்தில் கஃபீன் இருக்கிறது. குடித்து ஐந்து மணி நேரமானாலும் அதில் பாதி உடம்பிலேயே நிற்குமாம்.

செல்வம்: நில்லுங்கள். பெரட்டில், கணக்கப்பிள்ளைக்கு முன்னால், தேத்தண்ணியைக் குறை என்று சொல்லப் போகிறீர்களா? 1867இல் டெய்லர் துரை லூல்கந்துரையில் தேயிலை நட்டதிலிருந்து இந்த மலையில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. நாளைக்கு உங்களுக்கு அரைப் பேர், அரைநாள் சம்பளம்கூட விழாது!

ராசம்மா: அதை மட்டும் மெதுவாகச் சொல்கிறேன். நீ ராத்திரி எத்தனை குடிக்கிறாய்?

செல்வம்: ஸ்டேண்டில் நிற்கும்போது நாலைந்து. வீட்டுக்குப் போய் அதை முறிக்க ஒரு பெக்.

ராசம்மா: சாராயம் படுக்க வைக்கும், சாமத்தில் தட்டி எழுப்பியும் விடும்.

செல்வம்: (தாழ்ந்த குரலில்) மூன்று மணிக்கு. சரியாக மூன்று மணிக்கு, அக்கா. எழுந்தால் லீசிங் கணக்குத்தான். டயர், பெட்ரோல், சின்னவளின் டியூஷன். விடியும்வரை கூட்டிக் கழிக்கிறேன், ஒரு நாளும் சரிவரவில்லை.

ராசம்மா: இதை வீட்டில் சொன்னாயா?

செல்வம்: அவளுக்கு எதற்கு? அவளாவது தூங்கட்டும்.

ராசம்மா: அவள் தூங்குகிறாள் என்று உனக்கு யார் சொன்னது? மலையில் எனக்குப் பக்கத்து நிரை அவள்தான். கொட்டாவியாலேயே கூடையை நிரப்புகிறாள்.

(செல்வம் பேசவில்லை. மழையும் விடவில்லை.)

ராசம்மா: இந்த நம்பரைப் போனில் போட்டுக்கொள். 1926. தேசிய மனநல நிறுவனத்தின் நம்பர், ராவும் பகலும் எடுக்கலாம். தூக்கமில்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் பொறுத்துக்கொண்டு இருக்கக் கூடாதாம்.

செல்வம்: அது அங்கொடை ஆஸ்பத்திரியாச்சே! யாராவது போனைப் பார்த்தால் ஊர் முழுக்கக் கதைப்பார்கள். என்ன பேரில் போடுவது?

ராசம்மா: "கடன் கேட்கும் சித்தப்பா" என்று போடு. அடித்தாலும் யாரும் எடுத்துப் பேச மாட்டார்கள்.

செல்வம்: (சிரித்துவிட்டு, போட்டுக்கொள்கிறான்) வேறு?

ராசம்மா: மூச்சு. படபடப்பு வந்தால் நாலு எண்ணும்வரை உள்ளே இழு. ஆறு எண்ணும்வரை மெதுவாக வெளியே விடு.

செல்வம்: இதை நான் வருடக்கணக்காகச் செய்கிறேனே. வருவது நாலு, போவது ஆறு.

ராசம்மா: மூச்சைச் சொல்கிறேன், வருமானத்தையில்லை! கடைசியாக ஒன்று. தினமும் நமக்கென்று கொஞ்ச நேரம் ஒதுக்க வேண்டுமாம். யாரும் கூப்பிடாத நேரம்.

செல்வம்: உங்களுக்கு அது எப்போது?

ராசம்மா: கக்கூசுக்குப் போனாலும் பேரன் கதவைத் தட்டி "அப்பாயி, இருக்கிறாயா?" என்று கேட்கிறான். ஆனால் இன்றைக்குக் கிடைத்தது, தம்பி. காலையிலிருந்து கதிரையில் உட்கார்ந்திருந்தேன். பத்து மணிக்கு வேறொருவர் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தார், கூடவே ஒரு பனிஸ். நான் எழுந்திருக்கவே இல்லை. முடிந்ததும் மிஸ் "ஏதாவது கேள்வி இருக்கிறதா?" என்றார். அடுத்த வகுப்பு எப்போது என்று கேட்டேன்.

செல்வம்: அப்படியென்றால் நான் வண்டியை எடுக்காததில் உங்களுக்குக் கோபமே இல்லையா?

ராசம்மா: எதற்குக் கோபம்? வீட்டுக்குப் போனால் அடுப்பு. இங்கே மழை, சீட்டு, கதைக்க ஆள்.

(குடையோடு இரண்டு பேர் ஓடி வருகிறார்கள். "தம்பி, தோட்டத்துக்குப் போகுமா?" செல்வம் திரும்புவதற்குள் ராசம்மா தலையை வெளியே நீட்டுகிறாள்.)

ராசம்மா: இது ஹயர் பேசிய வண்டி. அடுத்ததில் ஏறுங்கள்.

செல்வம்: அக்கா! இரண்டு சீட்டுக் காசு போகிறதே!

ராசம்மா: நாலு எண்ணும்வரை உள்ளே இழு.