ராஜமலையில் நடந்துகொண்டிருந்த நெட்டைக்காலி

மே மாதம் மூணாறு போயிருந்தோம். ராஜமலையில் பேருந்தை விட்டு இறங்கியதும் ஆளாளுக்கு வரையாட்டோடு செல்ஃபி எடுக்க ஓடினார்கள். நான் சாலையோரத்திலேயே நின்றுவிட்டேன். சிட்டுக்குருவியைவிடச் சற்றுப் பெரிதாக, முதுகெல்லாம் கரும்பழுப்புக் கீற்றுகளோடு ஒரு பறவை. தத்தவில்லை, கோழிக்குஞ்சு மாதிரி காலை மாற்றி மாற்றி வைத்து நடந்தது. அலகில் ஒரு புழு. விழுங்கவும் இல்லை, பறக்கவும் இல்லை. பக்கத்தில் எங்கோ புற்கற்றையின் அடியில் கூடு இருந்திருக்க வேண்டும்.

அதுதான் நீலகிரி நெட்டைக்காலி. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி உச்சிகளைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. அதற்கு வேண்டியது புல்வெளி, மரக்கூட்டம் அல்ல.

நம் கணக்கோ மரத்தைத்தான் பார்க்கிறது. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத இடத்தில் மரக்கவிகை, அதாவது மேலிருந்து பார்த்தால் மரத்தின் இலைகள் மூடியிருக்கும் பரப்பு, 10 சதவீதம் இருந்தாலே இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் அறிக்கையில் அது வனப்பரப்பு. என்ன மரம், யார் நட்டது என்ற பேச்சே இல்லை. சீகை (வாட்டில்) மரத் தோப்பும் காடு, கற்பூர மர (யூகலிப்டஸ்) தோப்பும் காடு. புல்வெளி மட்டும் காடு இல்லை. சரி, அப்படியானால் அது அழிந்தால் யார் கணக்கில் குறையும்?

பழனிமலையின் 1973, 2014 செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2018இல் வெளியானது. நாற்பது ஆண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. தோல் பதனிடவும் விறகுக்கும் கொண்டுவந்த சீகையும் மற்ற மரத்தோட்டங்களும் விவசாயமும் அந்த இடத்தை எடுத்துக்கொண்டன. மேலிருந்து பார்த்தால் எல்லாம் பச்சைதான். புல்லையும் தோப்பையும் சோலை என்கிற இயற்கையான மலைக்காட்டையும் தனித்தனியாகப் பிரித்து வரைந்தபோதுதான் இழப்பு கண்ணில் பட்டது.

இப்படிப் பிரித்து வரைந்த படத்துக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. சீகையை மொத்தமாக வெட்டித் தள்ளினால் மண்ணில் கிடக்கும் விதைகள் ஒரே நேரத்தில் முளைத்துக்கொள்ளும். முதிர்ந்த தோப்புகளின் நிழலில் சோலை மரக்கன்றுகள் வேறு வளர்ந்துகொண்டிருக்கும். ஆகவே அவசரம் அங்கே இல்லை. புல்வெளி ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு வந்திருக்கும் சீகைக் கன்றுகளில்தான். கையாலேயே பிடுங்கலாம். அந்த ஓரம் எங்கே என்று சொல்லத்தான் வரைபடம் வேண்டும்.

அடுத்த மழைக்கும் யாராவது மொட்டை மலையில் மரம் நட நன்கொடை கேட்டு வருவார்கள். எந்த மலை என்று படத்தில் காட்டச் சொல்லப்போகிறேன்.