இரவு உடையில் போன அதிபரும் தீர்ப்போடு தங்கிய அதிபரும்

2009 ஜூன் 28 அதிகாலையில் மத்திய அமெரிக்க நாடான ஹோண்டுராஸின் ராணுவத்தினர் அதிபர் மானுவல் செலாயாவின் இல்லத்துக்குள் புகுந்து, அவரை இரவு உடையோடு விமானத்தில் ஏற்றி, கோஸ்டா ரிக்காவில் இறக்கிவிட்டுத் திரும்பினார்கள். அன்று பகலிலேயே நாடாளுமன்றத்தில் செலாயாவின் பதவி விலகல் கடிதம் என்று ஒன்று வாசிக்கப்பட்டது. அது போலி என்று அவர் மறுத்தார். அதற்குள் நாடாளுமன்றத் தலைவர் ரொபெர்டோ மிச்செலெட்டி அதிபராகப் பதவியேற்றுவிட்டார். இது ஆட்சிக்கவிழ்ப்பா, அரசியல் சாசனத்தைக் காக்க எடுத்த நடவடிக்கையா என்ற வாதம் அப்போதே தொடங்கிவிட்டது. ஆட்சிக்கவிழ்ப்பு என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் அதைக் கண்டித்த வெளிநாடுகள் எதைக் கண்டு கொதித்தன, பின்னாளில் எதைக் கண்டும் காணாமல் இருந்தன என்பதைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

நம் ஊரில் முதல்வரோ பிரதமரோ எத்தனை முறை வேண்டுமானாலும் பதவிக்கு வரலாம், ஏனென்றால் அவையின் நம்பிக்கையை இழந்தால் அவர் பதவியில் நீடிக்க முடியாது. மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் அதிபருக்கு அந்தக் கடிவாளம் கிடையாது. படையும் கருவூலமும் நியமனங்களும் அவர் கையில் இருக்கும். லத்தீன் அமெரிக்காவில் ஒருவரே பத்து, இருபது ஆண்டுகள் நாற்காலியில் ஒட்டிக்கொண்ட வரலாறு நெடியது என்பதால், பல நாடுகள் பதவிக்கால வரம்பைச் சாசனத்திலேயே எழுதிவைத்தன. ராணுவ ஆட்சிகளிலிருந்து மீண்ட ஹோண்டுராஸ் 1982-இல் எழுதிய சாசனம் இதில் எல்லோரையும் மிஞ்சியது. ஒருவருக்கு ஒரே முறை, நான்கு ஆண்டுகள். அதன்பின் ஆயுளுக்கும் இல்லை. இந்தத் தடையை மாற்ற வேண்டும் என்று முன்மொழிபவரே உடனடியாகப் பதவி இழப்பார், பத்து ஆண்டுகள் எந்தப் பொதுப் பதவியும் வகிக்க முடியாது என்றது 239-ஆவது பிரிவு. இதைத் திருத்தவே முடியாது என்று 374-ஆவது பிரிவு பூட்டும் போட்டுவிட்டது. வரம்பு வேண்டும் என்பவன் நான். ஆயினும் அதைப் பற்றிப் பேசுவதையே குற்றமாக்கும் பிரிவு, எதிராளியை வீழ்த்த யாரும் கையில் எடுக்கக்கூடிய ஆயுதம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

செலாயா என்ன செய்தார்? 2009 நவம்பர் பொதுத் தேர்தலில் அதிபர், நாடாளுமன்றம், நகராட்சி ஆகியவற்றுக்கான மூன்று வாக்குப்பெட்டிகளோடு நான்காவதாக ஒரு பெட்டி வைத்து, புதிய சாசனம் எழுத ஒரு பேரவையைக் கூட்டலாமா என்று மக்களைக் கேட்க நினைத்தார். அந்த நான்காவது பெட்டியை வைக்கலாமா என்பதற்கான கருத்துக்கணிப்புக்குக் குறித்த நாள்தான் ஜூன் 28. நீதிமன்றங்கள் அதைச் சட்டவிரோதம் என்றன. வாக்குச்சீட்டுகளை விநியோகிக்க மறுத்த ராணுவத் தளபதி ரொமேயோ வாஸ்கெஸை அவர் நீக்கினார். உச்ச நீதிமன்றம் மறுநாளே தளபதியை மீண்டும் அமர்த்தியது. உடனே செலாயா ஆதரவாளர்களைத் திரட்டிக்கொண்டு விமானப்படைத் தளத்துக்கே நேரில் சென்று, அங்கே வைக்கப்பட்டிருந்த வாக்குச்சீட்டுகளை எடுத்துவந்தார். நீதிமன்ற உத்தரவை ஓர் அதிபர் இப்படி மீறியதை நியாயப்படுத்த முடியாது. அதே ஆண்டு பிப்ரவரியில்தான் அவருடைய நண்பரான வெனிசுவேலா அதிபர் ஹியூகோ சாவேஸ் தம் நாட்டில் பொதுவாக்கெடுப்பு நடத்திப் பதவிக்கால வரம்பையே நீக்கியிருந்தார் என்பதால், ஹோண்டுராஸ் எதிர்க்கட்சியினரின் அச்சமும் வெறும் பாசாங்கு அன்று. அதேசமயம், நவம்பரில் அந்தப் பெட்டி வைக்கப்பட்டிருந்தாலும், அதே நாளில் அவருக்குப் பின் வரும் அதிபர் தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பார். வேட்பாளர் பட்டியலில் செலாயாவின் பெயரே இல்லை. அதனால் அவர் தம் பதவிக்காலம் முடியும் ஜனவரிக்குப் பின்னும் நீடிக்கப் பார்த்தார் என்ற நேரடிக் குற்றச்சாட்டு என்னைப் பொறுத்தவரை நிற்காது.

உச்ச நீதிமன்றம் பிறப்பித்தது கைது உத்தரவு; நாடு கடத்தும் உத்தரவு அன்று. குடிமகன் எவரையும் நாட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது என்று அதே சாசனத்தின் 102-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ராணுவத்தின் தலைமைச் சட்ட அதிகாரியே, அவரை வெளியே அனுப்பியதில் சட்டத்தை மீறினோம் என்று பத்திரிகையிடம் ஒப்புக்கொண்டார். சாசனத்தைக் காப்பாற்ற வந்தவர்கள் முதல் வேலையாகச் சாசனத்தைத்தான் மீறினார்கள்.

உலகம் இதற்கு வியக்கத்தக்க ஒற்றுமையோடு எதிர்வினையாற்றியது. ஜூன் 30-இல் ஐ.நா. பொதுச்சபை கண்டித்தது, ஜூலை 4-இல் அமெரிக்கக் கண்டங்களின் நாடுகள் சேர்ந்த அமெரிக்க நாடுகள் அமைப்பு எதிர்ப்பே இன்றி ஹோண்டுராஸை இடைநீக்கம் செய்தது. 1962-இல் கியூபாவுக்குப் பின் அந்த அமைப்பு இப்படிச் செய்தது இதுவே முதல் முறை. வேடிக்கை என்னவென்றால், கியூபா மீதான அந்தப் பழைய தீர்மானத்தை விலக்கிக்கொண்ட கூட்டம் ஒரு மாதம் முன்புதான் ஹோண்டுராஸின் சான் பெட்ரோ சூலா நகரில், செலாயாவையே விருந்தோம்புநராகக் கொண்டு நடந்திருந்தது. 1992-இல் தானே ராணுவப் புரட்சிக்கு முயன்ற சாவேஸும், ஒரே கட்சி ஆளும் கியூபாவின் ராவுல் காஸ்ட்ரோவும் ஜனநாயகத்துக்காக உரக்கக் குரல் கொடுத்ததைக் கேட்டு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஒபாமா இதைச் சட்டவிரோதம் என்றார். ஆயினும், ராணுவப் புரட்சி நடந்த நாட்டுக்கு உதவியை நிறுத்த வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டத்தின்கீழ் முறையான அறிவிப்பு எதுவும் வரவில்லை, சில உதவிகள் மட்டுமே நிறுத்தப்பட்டன. ஜூலை 5-இல் தலைநகர் டெகுசிகல்பாவுக்குத் திரும்ப முயன்ற செலாயாவின் விமானம் இறங்க முடியாதபடி ஓடுபாதையில் ராணுவ வண்டிகள் நின்றன. வரவேற்கக் காத்திருந்த கூட்டத்தில் ஓர் இளைஞன் சுட்டுக் கொல்லப்பட்டான். செப்டம்பரில் ரகசியமாக நாட்டுக்குள் வந்தவர் மாதக்கணக்கில் பிரேசில் தூதரகத்துக்குள் முடங்கிக் கிடந்தார். நவம்பர் தேர்தலில் பொர்ஃபிரியோ லோபோ வென்றதும் அமெரிக்கா அதை ஏற்றுக்கொண்டது, பிரேசில் ஏற்கவில்லை. செலாயா பதவிக்குத் திரும்பவே இல்லை. 2011-இல் அவர் ஊர் திரும்பியபின் இடைநீக்கமும் விலக்கப்பட்டது.

இனி, யாரும் அவ்வளவாகப் பேசாத பகுதிக்கு வருகிறேன். 2012 டிசம்பரில் ஹோண்டுராஸ் நாடாளுமன்றம், உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வில் இருந்த ஐந்து நீதிபதிகளில் நால்வரை ஒரே இரவில் நீக்கியது. அப்போது நாடாளுமன்றத் தலைவர் ஹுவான் ஒர்லாண்டோ எர்னாண்டெஸ். 2014-இல் அவர் அதிபரானார். புதிய நீதிபதிகள் அமர்ந்த அதே அமர்வு 2015 ஏப்ரலில், மீண்டும் போட்டியிடுவதைத் தடுக்கும் பிரிவுகள் மனித உரிமைக்கு எதிரானவை என்று கூறி அவற்றைச் செல்லாதவை ஆக்கியது. மக்களிடம் கேட்கலாமா என்று கேட்டதற்காக ஒருவரை இரவு உடையோடு வெளியேற்றிய நாட்டில், மக்களிடம் கேட்காமலேயே அதே வரம்பு காணாமல் போனது. மனு போட்டவர்களில் எர்னாண்டெஸின் தேசியக் கட்சியினர் இருந்தனர். 2009-இல் 239-ஆவது பிரிவை வேதம்போல ஓதிய கட்சியும் அதுதான். இம்முறை எந்த அமைப்பும் அவசரக் கூட்டம் கூட்டி ஹோண்டுராஸை இடைநீக்கம் செய்யவில்லை.

2017 நவம்பரில் எர்னாண்டெஸ் மீண்டும் நின்றார். பாதிக்கு மேல் வாக்குகள் எண்ணப்பட்டபோது எதிர்க்கட்சிக் கூட்டணியின் சால்வடோர் நஸ்ரல்லா ஐந்து சதவீதப் புள்ளிகள் அளவில் முன்னிலையில் இருந்தார். எண்ணிக்கை தடைபட்டு மீண்டும் தொடங்கியபின் நிலைமை தலைகீழானது. அந்தக் கூட்டணியை ஒருங்கிணைத்தவர் வேறு யாருமல்லர், செலாயாதான். அமெரிக்க நாடுகள் அமைப்பின் தலைமைச் செயலர் புதிய தேர்தல் வேண்டும் என்றார். அமெரிக்காவோ சில நாட்களில் எர்னாண்டெஸுக்கு வாழ்த்துச் சொன்னது. அதே எர்னாண்டெஸ் பதவி முடிந்ததும் அமெரிக்காவுக்கு நாடு கடத்தப்பட்டு, போதைப்பொருள் கடத்தல் வழக்கில் 2024-இல் 45 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார் (2025 இறுதியில் டிரம்ப் மன்னிப்பு வழங்கி விடுவித்தது தனிக் கதை).

வெளிநாடுகள் தம் நலனுக்கேற்பப் பேசும் என்பது தெரிந்ததே. என் குறை வேறு. பன்னாட்டு அமைப்புகளின் விதிகள் துப்பாக்கியைக் கண்டால் மட்டுமே விழித்துக்கொள்ளும்படி எழுதப்பட்டிருக்கின்றன. நீதிபதிகளை மாற்றி, பின் தீர்ப்பை வாங்கி, பின் தேர்தலை நடத்தும் அதிபரின் முன்னால் அவை செயலற்றுப் போகின்றன. எல்லையின்றி மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படுவது மனித உரிமை அன்று என்று அமெரிக்கக் கண்ட மனித உரிமை நீதிமன்றம் 2021-இல் கருத்துரைத்தது. ஹோண்டுராஸ் தீர்ப்புக்கு ஆறு ஆண்டுகள் கழித்து. அக்கருத்துரைக்கும் எந்த அரசும் அஞ்சியதாகத் தெரியவில்லை. 2025 ஜூலையில் அண்டை நாடான எல் சால்வடோரில் அதிபர் புக்கேலேயின் கட்சி ஆளும் நாடாளுமன்றம் பதவிக்கால வரம்பை ஒரே நாளில் நீக்கியது. மக்கள் தேர்ந்தெடுத்த அவை எடுத்த முடிவு அது என்று வாஷிங்டன் அதற்குப் பரிந்து பேசியது.