சைலன்சரை அறுக்கும் முன்

காரின் எக்ஸாஸ்ட் சத்தத்தை மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் தப்பான இடத்தில் நின்று அதைக் கேட்கிறார்கள். வண்டி நியூட்ரலில் நிற்கும். நண்பர் ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஆக்சிலரேட்டரை மிதிப்பார். இவர் பின்பக்கம் நின்று வீடியோ எடுப்பார். "செம சவுண்டு மச்சி!" அதோடு வேலை முடிந்தது.

ஆனால் யாரும் பம்பருக்குப் பின்னால் நின்றுகொண்டு வண்டி ஓட்டுவதில்லையே. உள்ளே உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஒரே வேகத்தில் மணிக்கணக்காக ஓட்டுகிறோம். என் கட்சி இதுதான்: வீட்டிலேயே எக்ஸாஸ்டில் கை வைப்பதில் தப்பில்லை, ஆனால் நீங்கள் அதிகம் ஓட்டும் வேகத்துக்காக வையுங்கள், வீடியோவுக்காக வைக்காதீர்கள்.

சின்னக் கணக்கு ஒன்று போட்டால் புரிந்துவிடும். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரியும். 4 சிலிண்டர் என்றால் சுற்றுக்கு 2 வெடிப்பு. 2400 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 2400 சுற்று) எஞ்சின் நொடிக்கு 40 முறை சுற்றுகிறது, அதாவது நொடிக்கு 80 வெடிப்பு, 80 ஹெர்ட்ஸ். 3 சிலிண்டரில் அதே வேகத்துக்கு 60 ஹெர்ட்ஸ். மூடிய கார் கேபின் இந்த மாதிரிக் கனத்த ஒலியைத்தான் விரும்பிப் பிடித்துக்கொள்ளும், வெற்றுக் குடத்தின் வாயில் ஊதியதுபோல. டாப் கியரில் சீராகப் போகும்போது பல வண்டிகளின் எஞ்சின் சுற்றுவதும் 2000, 2500 பக்கம்தான். ஆக, சைலன்சரைக் கழற்றி வெறும் பைப்பை மாட்டினால் பயணம் முழுக்கக் காதுக்குள் ஒரே 'ம்ம்ம்ம்'. பாட்டு கேட்காது, பின்சீட்டில் பேசுவது புரியாது, இறங்கும்போது தலை கனக்கும். ட்ரோன் என்று சொல்வது இதைத்தான்.

கம்பெனி மாட்டித் தரும் சைலன்சர் பெட்டிக்குள் பல அறைகள் இருக்கும். ஒலி அலைகள் அதற்குள் மோதித் திரும்பி ஒன்றையொன்று அமுக்கும். நாம் கடையில் வாங்குவது பெரும்பாலும் நேர்க்குழாய் வகை: துளை போட்ட குழாய், சுற்றிலும் கண்ணாடி நார். இது கீச்சென்ற மேல் ஒலியை நன்றாக விழுங்கும், கீழ் ஒலியை அவ்வளவாகத் தொடாது. கனத்த குரல் வருவதும் இதனால்தான், ட்ரோன் வருவதும் இதனால்தான். போகப் போக நார் எரிந்து பறந்துவிடும், சத்தம் இன்னும் ஏறும். வாங்கிய புதிதில் கேட்டதை வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

எனவே நடுவில் இருக்கும் ரெசனேட்டரை (சத்தத்தை அடக்க உதவும் இன்னொரு பெட்டி) விட்டுவிட்டுப் பின்பக்கச் சைலன்சரை மட்டும் மாற்றுவதே என் சிபாரிசு. பைப்பின் விட்டத்தையும் பெரிதாக்காதீர்கள். பேக் பிரஷர் (புகை வெளியேறுவதைத் தடுக்கும் எதிர் அழுத்தம்) வேண்டும், வேண்டாம் என்று இரண்டு கூட்டம் ஓயாமல் சண்டை போடுகிறது. எஞ்சினுக்குத் தேவை அழுத்தம் அல்ல, புகை வெளியேறும் வேகம். வேகமாகப் போகிற புகை பின்னால் வருவதையும் இழுத்துக்கொண்டு போகும். சின்ன எஞ்சினுக்கு 3 அங்குலப் பைப் மாட்டினால் அந்த வேகம் செத்துவிடும், குறைந்த ஆர்பிஎம்மில் இழுவை குறையும், சத்தம் மட்டும் மிஞ்சும்.

அப்படியும் ட்ரோன் இருந்தால் அழகான ஒரு வைத்தியம் உண்டு. மெயின் பைப்பில் கிளை மாதிரி ஒரு குழாயை ஒட்டவைத்து அதன் மறுமுனையை அடைத்துவிட வேண்டும். நீளம் அலைநீளத்தில் கால்பங்கு. உள்ளே போன அலை முனையில் மோதித் திரும்பி வரும்போது அரைச் சுற்று பின்தங்கியிருக்கும், மெயின் பைப்பில் வரும் அலையை அடித்துவிடும். 300 டிகிரி செல்சியஸ் புகையில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 480 மீட்டர். 80 ஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 6 மீட்டர், கால்பங்கு 1.5 மீட்டர். வளைத்து மடக்கி வைத்தாலும் வேலை செய்யும். கிளைக்குள் புகை கொஞ்சம் ஆறிவிடுவதால் தேவைப்படும் நீளம் குறையும். அதனால் மூடியை எடுத்த எடுப்பில் வெல்டு வைக்காமல், நகர்த்திப் பார்க்க வசதியாக விடுங்கள்.

மற்ற இணைப்புகளுக்கும் அதேதான். கிளாம்ப் போட்டு ஓட்டிப் பார்த்து, திருப்தியான பிறகு வெல்டிங். துத்தநாகம் பூசிய பைப் வேண்டவே வேண்டாம், வெல்டிங் புகையே காய்ச்சலில் தள்ளும். வெறும் ஜாக்கை நம்பி அடியில் படுக்காதீர்கள், ஜாக் ஸ்டாண்ட் வையுங்கள். சூட்டில் பைப் நீளும், அதனால் பெட்ரோல் டேங்க், பிரேக் லைன், பம்பர் எல்லாவற்றிலிருந்தும் இடைவெளி வேண்டும். மாட்டிய பிறகு இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா பாருங்கள். சீட்டுக்கு அடியில் கசிந்தால் உள்ளே வருவது கார்பன் மோனாக்சைடு, அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது.

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை (புகையின் நச்சைக் குறைக்கும் பாகம்) மட்டும் தொடாதீர்கள். அதை எடுத்தால் நாற்றம் வரும், செக் எஞ்சின் விளக்கு எரியும், பல நாடுகளில் வழக்கும் வரும். அதை அறுத்தால்தான் சவுண்டு வரும் என்று சொல்கிறவரிடம் வண்டியைக் கொடுக்கவே கூடாது.

இன்னொன்று. 3 சிலிண்டரை என்ன செய்தாலும் 8 சிலிண்டர் வி-8 ஆகாது. வி-8 எஞ்சினின் அந்தக் குதிரைப் பாய்ச்சல் எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் தண்டின் அமைப்பிலிருந்தும் எரியும் வரிசையிலிருந்தும் வருவது. பழைய சுபாரு எஞ்சின்களின் தடதடப்புக்கு எஞ்சினிலிருந்து புகையை எடுத்துவரும், ஒன்றுக்கொன்று நீளம் ஒவ்வாத முன்குழாய்கள் காரணம். டர்போ இருந்தால் அது வேறு பாதி ஒலியைத் தின்றுவிடும். பிஎம்டபிள்யூவே 2011-இல் வந்த எம்5 காரில் எஞ்சின் ஒலியை ஸ்பீக்கர் வழியாக ஒலிக்கவிட்டது. அவர்கள் பாடே அப்படி!

அப்புறம், கழற்றிய பழைய சைலன்சரை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வண்டியை விற்கும்போது வாங்குகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.